படிவம் 17சி எங்கே? கொங்கு நாட்டுக் கட்சிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம், நீலகிரி மாவட்டங்களில் உள்ள எல்லாக் கட்சிகளின் மாவட்ட, நகர, ஒன்றியச் செயலாளர்கள், வாக்குச்சாவடி முகவர்கள்.

அன்புள்ள அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கமுங்க.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பணியில் இருந்த காலத்தில் ஈரோடு மாவட்டத்துச் சாவடிகளில் பல தேர்தல்களுக்குத் தலைமை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கட்சியிலும் இல்லை. ஒவ்வொரு வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் உங்களில் தோற்ற தரப்பு ஒரே வார்த்தையைச் சொல்கிறது: "மெசின்ல என்னவோ பண்ணிப்போட்டாங்க." வென்ற தரப்பு அதைக் கேட்டுச் சிரிக்கிறது. அடுத்த தேர்தலில் இடம் மாறினால் வார்த்தையும் இடம் மாறிவிடுகிறது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் வாக்குப் போடுகிற சனங்களுக்கு எதன்மேலும் நம்பிக்கை இருக்காது என்ற கவலையில்தான், சாவடியில் பதிவான வாக்குக் கணக்கை எழுதும் படிவம் 17சி பற்றி எழுதுகிறேன்.

சந்தேகப்படுவதைக் குறை சொல்ல மாட்டேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது 281 வாக்குகள். தாராபுரத்தில் 1,393. மொடக்குறிச்சி வித்தியாசம் ஒரு நடுத்தரச் சாவடியில் பதிவாகும் வாக்குகளைவிடக் குறைவு. அங்கே தோற்ற எவருக்கும் தூக்கம் வராது, எண்ணியது சரிதானா என்று கேட்கத்தான் தோன்றும். கேட்கட்டும். ஆனால் அந்தக் கேள்விக்குச் சட்டம் கொடுத்திருக்கும் ஆயுள் ரொம்பக் குறைவு. ஒரு வகைக் கேள்விக்கு ஏழு நாள், இன்னொரு வகைக்கு 45 நாள். அதற்குள் காகிதத்தோடு போய் நிற்காவிட்டால், உங்கள் சந்தேகம் நூற்றுக்கு நூறு உண்மையாகவே இருந்தாலும் டீக்கடை பெஞ்சைத் தாண்டாது.

இந்த நாள் கணக்குக்குப் பின்னால் நம் ஊர் வழக்கு ஒன்று இருக்கிறது. நாட்டின் முதல் பொதுத்தேர்தல் சமயத்தில், அன்றைய சேலம் மாவட்டத்து நாமக்கல் தொகுதியில் சென்னை சட்டமன்றத்துக்குப் போட்டியிட என்.பி.பொன்னுசாமி மனுத் தாக்கல் செய்தார். 1951 நவம்பர் 28 அன்று தேர்தல் அதிகாரி அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார். பொன்னுசாமி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், அங்கே ஆகவில்லை என்று உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். 1952 ஜனவரி 21-ல் தீர்ப்பு வந்தது. தேர்தல் என்பது அறிவிப்பிலிருந்து முடிவு அறிவிக்கும் வரை ஒரே நடவடிக்கை, நடுவில் நீதிமன்றம் நுழையாது, குறை எதுவானாலும் எல்லாம் முடிந்தபிறகு தேர்தல் மனுவாகக் கொண்டுவர வேண்டும் என்றது நீதிமன்றம். அரசியல் சட்டத்தின் 329-வது பிரிவுக்கு அன்று சொன்ன பொருளைத்தான் இன்றுவரை எல்லா நீதிமன்றங்களும் எடுத்துச் சொல்கின்றன. டெல்லியில் தேர்தல் வழக்கு நடத்தும் எந்த வழக்கறிஞரைக் கேட்டாலும் நாமக்கல் பெயரைச் சொல்லுவார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு எப்போதும் ஓர் ஆதங்கம் உண்டு.

ஆக, நடக்கும்போது தடுக்க முடியாது. முடிந்தபிறகு 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் மனு தள்ளுபடிதான், மன்னித்து ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் நீதிபதிக்கே கிடையாது. கட்ட வேண்டிய வைப்புத்தொகை வெறும் 2,000 ரூபாய். அது யாருக்கும் பாரமில்லை. எதைக் காட்டி வழக்குப் போடுவது என்பதில்தான் சிக்கல். எந்தச் சாவடி, எந்தச் சுற்று, எத்தனை வாக்கு என்று திட்டவட்டமாகச் சொல்லாமல் "எங்களுக்குச் சந்தேகம், எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்" என்று கேட்டால் நீதிமன்றம் திறக்காது. 1964-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அன்று வாக்குச்சீட்டு, இன்று எந்திரம் என்பதைத் தவிர நிலைமை மாறவில்லை.

எந்திரம் பற்றிய வழக்குகளையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேடைகளில் நீங்கள் இவற்றைச் சுற்றி வளைத்துத்தான் பேசுகிறீர்கள். இந்தியாவில் முதன்முதலாக எந்திரம் வந்தது கேரளத்தின் பரவூர் தொகுதியில், 1982-ல், 50 சாவடிகளில். 123 வாக்கில் தோற்ற ஏ.சி.ஜோஸ் வழக்குப் போட்டார். 1984-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எந்திரத்தைப் பயன்படுத்த அன்றைய சட்டத்தில் இடமே இல்லை என்ற ஒரே காரணம் போதுமாக இருந்தது. அந்த 50 சாவடிகளிலும் சீட்டில் மறுபடி வாக்கெடுத்தபோது ஜோஸ் வென்றார். அதன்பிறகுதான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி எந்திரத்துக்கு இடம் கொடுத்தது. 2013 அக்டோபரில் சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில், போட்ட வாக்கைக் காகிதத்தில் காட்டும் விவிபேட் நேர்மையான தேர்தலுக்கு இன்றியமையாதது என்று தீர்ப்பு வந்தது. 2019-ல் 21 எதிர்க்கட்சிகள் கேட்டதன்பேரில், ஒரு சட்டமன்றப் பகுதிக்கு ஒரு சாவடி என்றிருந்த விவிபேட் சரிபார்ப்பு ஐந்து சாவடிகளாக ஏறியது. இன்று நீங்கள் அனுபவிக்கிற ஒவ்வொரு பாதுகாப்பும் யாரோ ஒருவர் காகிதத்தோடு நீதிமன்றப் படியேறி வாங்கிக் கொடுத்தது.

2024 ஏப்ரல் 26 தீர்ப்பை உங்களில் பலர் பாதிதான் படித்திருக்கிறீர்கள். விவிபேட் சீட்டு எல்லாவற்றையும் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் வாக்குச்சீட்டுக்கே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கைகளை நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் தீபாங்கர் தத்தாவும் ஏற்கவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டு "கோர்ட் கைவிட்டுவிட்டது" என்று பேசுகிறீர்கள். மீதிப் பாதியில் உங்களுக்கு ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள், முடிவு அறிவித்த ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுத்தால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து விழுக்காடு எந்திரங்களின் நினைவகச் சில்லை உற்பத்தி நிறுவனப் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும். எந்தச் சாவடி எந்திரங்கள் என்று வேட்பாளரே சொல்லலாம். செலவு கேட்பவருடையது, தில்லுமுல்லு தெரிந்தால் பணம் திரும்ப வரும். சின்னங்களை ஏற்றும் கருவியையும் முத்திரையிட்டு 45 நாள் பாதுகாக்கச் சொன்னார்கள். அந்த ஆண்டு தேர்தல் ஆணையம் வைத்த கட்டணம் ஒரு தொகுப்புக்கு (ஒரு சாவடியின் எந்திரமும் விவிபேட்டும் சேர்ந்தது) 40,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் 47,200. 300 சாவடி உள்ள தொகுதியில் 15 தொகுப்பு என்றால் ஏழு லட்சத்துக்கு மேல். சுயேச்சையாக நிற்கிற ஒருவருக்கு இது எட்டாத தொகை, 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே இது அதிகம் என்றது. ஆனால் உங்கள் கட்சிகளுக்கு எட்டாத தொகை என்று சொன்னால் தேர்தல் செலவைக் கண்ணால் பார்த்த எவரும் ஏற்க மாட்டார்கள்.

சரி, அந்த 15 சாவடியை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பீர்கள்? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் முகவர்கள் முன்னிலையில் கட்டுப்பாட்டுக் கருவியில் க்ளோஸ் பொத்தானை அழுத்துவார். மொத்த வாக்கு திரையில் வரும். அந்த எண், 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களின் எண்ணிக்கை, கருவிகளின் வரிசை எண்கள், காகித முத்திரைகளின் எண்கள் எல்லாவற்றையும் படிவம் 17சி-யில் எழுதுவார். சாவடியில் இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் அதன் சான்றிட்ட நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். முகவர் கேட்டால்தான் தர வேண்டும் என்றில்லை, கேட்காமலே தருவது அவர் கடமை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் மாதிரி வாக்குப்பதிவுக்கு முகவர்கள் ஆர்வமாக வருவார்கள். ஆளாளுக்குப் பொத்தானை அழுத்தி, விவிபேட் சீட்டை எண்ணி, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவார்கள். பகல் முழுக்கப் பட்டியலில் டிக் அடித்தபடி "இன்னும் அந்தக் காட்டுவளவு சனம் வரலை" என்று வெளியே ஆள் அனுப்புவார்கள். மாலை மணி ஆறைத் தொட்டதும் பாதிப் பேரைக் காணோம். இருக்கிற பேரிலும் ஒருத்தர் செல்போனில், ஒருத்தர் வண்டிச்சாவியைத் தேடிக்கொண்டு. நகலை நீட்டினால் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அது கட்சி அலுவலகம் போய்ச் சேர்ந்ததா, துணியோடு சேர்ந்து துவைந்ததா என்று யாருக்கும் தெரியாது. பெண் முகவர்கள் மட்டும் பல இடங்களில் எண்ணைத் திரும்பப் படிக்கச் சொல்லிச் சரிபார்ப்பார்கள், அந்தக் கவனத்தைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். எங்கள் தரப்பிலும் குறை உண்டு. எந்திரத்தை ஏற்றிப் போகிற வண்டி வாசலில் நிற்கிறது என்ற அவசரத்தில், "யாரும் கேக்கலீங்களே" என்று நகல் எழுதாமல் விடுகிற அலுவலர்களும் இருக்கிறார்கள். தவறுதான். ஆனால் நாலு கட்சி முகவர்கள் மேசையைச் சுற்றி நின்று "நகல் குடுங்க சார்" என்று கேட்டால் எந்த அலுவலரும் தராமல் நகர முடியாது.

ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு மூட்டை கொண்டுபோகிற விவசாயி எடைச்சீட்டு வாங்காமல் ஊர் திரும்புவாரா? அவர் யார்மேலும் சந்தேகப்பட்டு அதை வாங்குவதில்லை, நாளைக்குக் கணக்கில் வித்தியாசம் வந்தால் காட்ட வேண்டும் என்றுதான் வாங்குகிறார். ஆயிரம் பேர் வாக்குக்கு உங்கள் முகவர் அந்தச் சீட்டை வாங்காமல் வருகிறார்.

இந்தச் சீட்டின் அருமையைத் தெரிந்துகொள்ள ஹரியானாவுக்குப் போக வேண்டும். பானிப்பட் மாவட்டத்தில் புவானா லாக்கு என்ற சிற்றூர். 2022 நவம்பரில் அங்கே ஊராட்சித் தலைவர் தேர்தல் எந்திரத்தில் நடந்தது. அறிவிக்கப்பட்ட முடிவில் ஒரு சாவடியின் எண்ணிக்கை இரண்டு வேட்பாளர்களுக்கும் இடம் மாறி எழுதப்பட்டிருந்தது. தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் விடவில்லை. எந்தச் சாவடி, யார் யாருக்கு மாறியது என்று அவரால் திட்டமாகச் சொல்ல முடிந்தது. தேர்தல் தீர்ப்பாயம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2025 ஆகஸ்ட்டில் எந்திரங்களை உச்ச நீதிமன்ற வளாகத்துக்கே கொண்டுவந்து, கேமரா முன்னால், இரு தரப்பும் பார்த்திருக்க, பதிவாளர் எல்லாச் சாவடிகளையும் எண்ணினார். வழக்குப் போட்டவருக்கு 1,051, பதவியில் இருந்தவருக்கு 1,000. தலைவர் மாறினார். கிட்டத்தட்ட மூன்று ஆண்டு ஆனது, ஆனாலும் உண்மை வெளியே வந்தது. எந்திரம் தன்னுள் சரியான எண்ணைத்தான் வைத்திருந்தது, மனிதன் எழுதியதில்தான் பிழை.

2024 தீர்ப்பிலும் இதே மாதிரி ஒன்று வருகிறது. விவிபேட் சீட்டும் எந்திரமும் பொருந்தாமல் போனதாக அங்கே பேசப்பட்டது 2019-ல் ஆந்திரத்தின் மைதுகூர் தொகுதியில் ஒரு சாவடி. காலையில் போட்ட மாதிரி வாக்குகளை அலுவலர் அழிக்காமல் விட்டதே காரணம். எந்திரத்தில் தவறே நடக்காது என்று நான் வாதாடவில்லை. பூட்டிய பெட்டிக்குள் நடப்பதைச் சாதாரண மனிதன் பார்க்க முடியாது என்ற குறை உண்மையானது. ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச்சில் அதைத்தான் சொன்னது: தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க முடிய வேண்டும். எனக்கு அந்தத் தீர்ப்பின் மேல் பெரிய மரியாதை உண்டு. நம் நாட்டில் அந்தக் குடிமகன் கையில் கிடைக்கிற சரிபார்ப்பு இன்றைக்கு விவிபேட்டின் ஏழு விநாடி வெளிச்சமும், முகவரின் 17சி நகலும்தான். இரண்டாவதை நாமே தூக்கி எறிகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

கையில் ஆதாரம் இல்லாமல் எந்திரத்தைப் பழித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். அங்கே 2020 தேர்தல் முடிவை எதிர்த்துப் போட்ட அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் ஏறக்குறைய எல்லாமே தோற்றன. எந்திரங்கள் வாக்கை மாற்றின என்ற பேச்சை ஒளிபரப்பிய ஃபாக்ஸ் நியூஸ், அந்த எந்திரங்களைச் செய்யும் டொமினியன் நிறுவனத்துக்கு 2023 ஏப்ரலில் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து அவதூறு வழக்கை முடித்துக்கொண்டது. பணத்தைவிடப் பெரிய நட்டம், அந்த நாட்டில் பலர் இன்னும் தேர்தலை நம்பத் தயங்குவது.

வாக்குச்சீட்டே வேண்டும் என்று கேட்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 1996-ல் நம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறை யார் காதிலும் விழவில்லை என்று ஆளாளுக்கு மனுத் தாக்கல் செய்தார்கள். 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள், தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். அதன்பிறகுதான் சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றபோது ஒவ்வொரு சாவடியிலும் ஐந்து வாக்குப்பதிவுக் கருவிகளை வரிசையாக வைத்தார்கள். சீட்டோ எந்திரமோ, நம் பக்கத்துச் சனம் எதையும் அதன் எல்லைவரை இழுத்துப் பார்த்துவிடும். எது வந்தாலும் கணக்குச் சீட்டு ஒன்று வேண்டும். சீட்டுக் காலத்திலும் அது இருந்தது.

தாமதத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் வழக்குப் போட்டு என்ன பயன் என்று நீங்கள் கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. தேர்தல் மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2016-ல் ராதாபுரத்தில் 49 வாக்கில் தோற்ற அப்பாவு போட்ட மனுவில் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ண உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, அந்தச் சட்டமன்றமே 2021-ல் முடிந்துபோனது. தேனியின் 2019 மக்களவைத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது 2023 ஜூலையில், மேல்முறையீட்டில் அதற்கும் தடை. பதவிக்காலம் முடிந்தபிறகு வரும் நீதியை வைத்து என்ன செய்வது? இந்த அநியாயத்தைச் சரிசெய்யும் இடம் நாடாளுமன்றம். நம் மாவட்டங்களிலிருந்து எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அங்கே போயிருக்கிறார்கள். ஆறு மாதம் என்பதைக் கட்டாயமாக்கச் சொல்லி ஒரே குரலில் கேட்க வைப்பது உங்கள் பொறுப்பு.

அதைவிட அவசரமான ஒன்றும் இருக்கிறது. 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதி 93-ஐத் திருத்தி, சாவடிக் கேமரா பதிவு போன்ற மின்னணு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி செய்துவிட்டார்கள். 2025 மே மாதம், வழக்கு எதுவும் வராவிட்டால் 45 நாளுக்குப் பிறகு பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஆணையம் எழுதியது. வாக்காளரின் அந்தரங்கத்தைக் காக்கிறோம் என்கிறார்கள். வாக்குச்சாவடி வரிசையில் நிற்பதில் என்ன அந்தரங்கம் என்று எனக்குப் புரியவில்லை. 2024-ல் உதகையில் எந்திரங்கள் வைத்த அறையின் கேமராத் திரைகள் கொஞ்ச நேரம் அணைந்தபோது சனங்கள் எவ்வளவு பதறினார்கள் என்பதை நாம் பார்த்தோம். நம்பிக்கையை வளர்க்க வேண்டிய ஆணையம் கதவைச் சாத்துவது தவறு, அதை எதிர்த்து நீங்கள் பேசுவது சரி. அதே சமயம், அந்த 45 நாளுக்குள் மனுப் போட்டால் பதிவை அழிக்க முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

நான் கேட்பது இதுதான். அடுத்த தேர்தலுக்கு முகவர் பட்டியல் போடும்போது, சாவடிக்கு ஒருவர் கடைசி முத்திரை வைக்கும்வரை நகரக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். வாங்கிய நகலை அங்கேயே செல்போனில் படம் எடுத்து ஒன்றியச் செயலாளருக்கு அனுப்பச் சொல்லுங்கள், அசல் இரவுக்குள் தொகுதி அலுவலகம் வரட்டும். எண்ணிக்கை அன்று மேசைக்குப் போகிற முகவர் கையில் அந்தந்தச் சாவடியின் 17சி இருக்க வேண்டும். கருவி எண், முத்திரை எண், மொத்த வாக்கு மூன்றும் பொருந்தினால் மேலே போகலாம். பொருந்தாவிட்டால் அப்போதே தேர்தல் அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சண்டை வேண்டாம், எழுத்து போதும். தொகுதிக்கு ஒரு வழக்கறிஞரை முன்கூட்டியே பேசி வையுங்கள். முடிவு வந்த நாளிலிருந்து ஏழாம் நாளையும் 45-ஆம் நாளையும் நாட்காட்டியில் குறித்துவைப்பது அவர் வேலை. ஏற்காடு எக்ஸ்பிரஸில் கடைசி இரவு ஏறிச் சென்னையில் இறங்கி மனு தயாரிக்க முடியாது.

அப்புறம், ஒரு கட்சிக்கு ஒரு சாவடியில் ஆள் இல்லாவிட்டால், ஆள் இருக்கிற கட்சி தன் நகலைப் பகிர்ந்துகொள்ளட்டும். எதிரெதிராக நிற்கிறவர்கள் இதை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். ஒரே ஊரில், ஒரே கோயில் நோம்பியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தானே நீங்கள்.

பவானி, கோபி, பெருந்துறை, காங்கயம் பக்கம் எந்தக் கட்சி முகவர்களுக்குப் பயிற்சி வைத்தாலும் கூப்பிடுங்கள், வருகிறேன். 17சி-யை எப்படிப் படிப்பது, முத்திரை எண்ணை எங்கே பார்ப்பது, நகல் தராவிட்டால் யாரிடம் சொல்வது என்பதை ஒரு மணி நேரத்தில் சொல்லித் தர முடியும். என்னைப் போல் சாவடியில் உட்கார்ந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களையும் கேளுங்கள். கொடி கட்ட வேண்டாம், சால்வை வேண்டாம். உட்காருகிறவர்கள் கையில் ஒரு வெற்றுப் படிவமும் பேனாவும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்